முதுகுவலிக்கு உங்கள் நாற்காலி மட்டும்தான் காரணமா? தண்டுவடத்தைத் தாக்கும் எதிர்பாராத காரணங்கள்

2025 ஜனவரியில் புனேயிலிருந்து வந்த செய்தி நினைவிருக்கிறதா? சிங்ககட் சாலையை ஒட்டிய பகுதிகளில், வயிற்றுப்போக்கு வந்து சரியானவர்கள் சில நாட்களில் கால் மரத்துப்போய், எழுந்து நிற்க முடியாமல் மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். அடுத்த சில வாரங்களில் எண்ணிக்கை 200ஐத் தாண்டியது. சிலர் வென்டிலேட்டர் வரை போனார்கள். உயிரிழப்புகளும் நடந்தன.

அந்த நோயின் பெயர் கில்லன் பாரே சிண்ட்ரோம், சுருக்கமாக ஜி.பி.எஸ். பரிசோதனைகளில் கேம்பைலோபாக்டர் ஜெஜூனி என்ற பாக்டீரியாவும் நோரோ வைரஸும் கண்டுபிடிக்கப்பட்டன. இரண்டுமே அசுத்தமான தண்ணீர், உணவு வழியாகப் பரவக்கூடியவை. கிருமியை எதிர்த்துப் போராடும் நம் நோய் எதிர்ப்பு சக்தி, ஆளை மாற்றி அடிப்பதுபோல, சொந்த நரம்புகளையே தாக்கிவிடுகிறது. அதனால்தான் வயிற்றில் ஆரம்பித்த பிரச்னை காலில் வந்து நின்றது.

நரம்பு, தண்டுவட நோய்களில் நாம் அடிக்கடி கோட்டை விடும் இடமும் இதுதான். நோய் தெரியும் இடம் ஒன்று, அது தொடங்கிய இடம் வேறு. இடுப்பு வலித்தால் நாம் இடுப்பைப் பார்க்கிறோம். கால் மரத்தால் டிஸ்க்கைத் தேடுகிறோம். காரணமோ சில நேரம் நுரையீரலில், குடிதண்ணீரில், சாப்பாட்டில், ஏன், நீங்கள் சத்துக்காகப் போடும் மாத்திரையில்கூட இருக்கலாம்.

முதலில் ஒரு நல்ல செய்தி

முதுகுவலி வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு ஆபத்தான காரணம் எதுவும் இருக்காது. தசைப்பிடிப்பு, தவறாக உட்காருவது, உடற்பயிற்சி இல்லாதது போன்றவைதான் காரணம். சில வாரங்களில் தானாகவே குறைந்துவிடும். எனவே இதைப் படித்துவிட்டு நாளைக் காலை ஸ்கேன் சென்டருக்கு ஓட வேண்டாம்.

ஓடினாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. 20 வயதில் இருப்பவர்களிலேயே சுமார் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் வீக்கம் இருந்தது. 50 வயதில் அது 60 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம். இவர்கள் யாருக்கும் வலி கிடையாது என்பதை மறந்துவிடாதீர்கள்.

இதற்கு என்ன அர்த்தம்? ரிப்போர்ட்டில் ‘டிஸ்க் பல்ஜ்’ என்று எழுதியிருப்பதாலேயே உங்கள் வலிக்கு அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. தலை நரைப்பதைப் போல டிஸ்க்கும் வயதாகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வரியைப் படித்ததும் பலரும் தேடுவதை நிறுத்திவிடுகிறார்கள். உண்மையான காரணம் வேறு எங்காவது இருந்தால், அது தப்பித்துக்கொள்கிறது.

இருமல் இல்லாத டி.பி.

இந்தியாவில் இப்படித் தப்பித்துக்கொள்ளும் காரணங்களில் முக்கியமானது முதுகெலும்புக் காசநோய். ‘டி.பி.யா? எனக்கு இருமலே இல்லையே’ என்றுதான் பலரும் கேட்பார்கள்.

காசநோய்க் கிருமி மூச்சு வழியாக நுரையீரலுக்குள் நுழைகிறது. அங்கே எந்த அறிகுறியும் காட்டாமல் பதுங்கியிருந்துவிட்டு, ரத்தம் வழியாக உடலின் வேறு பகுதிகளுக்குப் போக முடியும். முதுகெலும்புக் கட்டைகளுக்கு ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் அங்கே தங்குவது அதற்கு வசதி. பெரும்பாலும் அடுத்தடுத்த இரண்டு எலும்புகளை அது மெதுவாக அரிக்கிறது. சீழ் சேர்கிறது. எலும்பு நொறுங்கி முன்பக்கமாகச் சாயும்போது முதுகில் கூன் விழுகிறது. சீழோ எலும்புத் துண்டோ பின்னால் இருக்கும் தண்டுவடத்தை அழுத்தினால் கால்கள் செயலிழக்கின்றன.

லண்டன் அறுவை சிகிச்சை நிபுணர் பெர்சிவல் பாட் 1779இல் இதை விவரித்தார். அதனால் ‘பாட்ஸ் நோய்’ என்றே இதற்குப் பெயர். இந்தியாவில் பதிவாகும் டி.பி. நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு நோய் நுரையீரலுக்கு வெளியே இருக்கிறது. எலும்பு, மூட்டுகளில் வரும் டி.பி.யில் சுமார் பாதி முதுகெலும்பில்தான் வருகிறது.

இது ஏழைகளுக்கு மட்டும் வரும் நோய் என்று நினைக்கிறீர்களா? நடிகர் அமிதாப் பச்சன் தனக்கு 2000ஆம் ஆண்டில் முதுகெலும்பு டி.பி. இருந்ததாக வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். ‘கோன் பனேகா குரோர்பதி’ நிகழ்ச்சி தொடங்கிய காலம் அது. சிகிச்சை எடுத்துக் குணமானவர், பிறகு டி.பி. விழிப்புணர்வுப் பிரசாரத்தின் முகமாகவும் ஆனார்.

ஆறுதலான விஷயம், இது மாத்திரையால் குணமாகக்கூடிய நோய். வாரணாசியில் பணியாற்றிய எலும்பியல் நிபுணர் எஸ்.எம். துலி, 1975இல் ‘நடுவழி’ என்ற சிகிச்சை முறையின் முடிவுகளை வெளியிட்டார். எல்லோருக்கும் மருந்து, தேவைப்படுபவர்களுக்கு மட்டும் கத்தி என்பதுதான் அதன் சாரம். சென்னையில் இருந்த காசநோய் ஆராய்ச்சி மையமும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து நடத்திய ஆய்வுகளும், பெரும்பாலான நோயாளிகளை நடமாடும் நிலையிலேயே மருந்தால் குணப்படுத்த முடியும் என்று காட்டின. இன்று இந்திய வழிகாட்டுதல்படி இதற்கு 12 மாதம், தேவைப்பட்டால் 18 மாதம் வரை மருந்து தரப்படுகிறது. கால் பலவீனம் அதிகரித்தாலோ, எலும்பு நிலைகுலைந்தாலோ, கூன் மோசமானாலோதான் அறுவை சிகிச்சை.

ஆனால் இதெல்லாம் நேரத்தோடு கண்டுபிடித்தால்தான். கால் செயலிழந்து நாளாகிவிட்டால், கிருமி செத்தாலும் நடை முழுதாகத் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது.

அரசின் கண்ணும் நெஞ்சில்தான்

2025க்குள் டி.பி.யை ஒழிப்போம் என்று இந்திய அரசு 2018இல் அறிவித்தது. 2015இல் இருந்த அளவிலிருந்து புதிய பாதிப்பை 80 சதவீதம் குறைப்பதுதான் கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கைப்படி, 2015இல் லட்சம் பேருக்கு 237 ஆக இருந்தது 2024இல் 187 ஆகியிருக்கிறது. அதாவது 21 சதவீதக் குறைவு. உலக அளவில் டி.பி. குறைந்த வேகத்தைவிட இது அதிகம்தான். ஆனால் இலக்கு இன்னும் தூரத்தில் இருக்கிறது. உலக டி.பி. நோயாளிகளில் நான்கில் ஒருவர் இன்றும் இந்தியர்.

இந்த முயற்சியின் பெரிய ஆயுதம், ஊர் ஊராகப் போய் இருமல் இருக்கிறதா என்று கேட்பதும், கையடக்கக் கருவியில் நெஞ்சு எக்ஸ்-ரே எடுப்பதும். இது சரியான வழிதான். ஏனென்றால் இருமும் நோயாளிதான் மற்றவர்களுக்குப் பரப்புகிறார். முதலில் அவரைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆனால் முதுகெலும்பு டி.பி. வந்தவர் இந்த வலையில் சிக்க மாட்டார். இருமல் இருக்காது, நெஞ்சு எக்ஸ்-ரே சுத்தமாக இருக்கலாம். அவரைக் கண்டுபிடிக்க எம்.ஆர்.ஐ. தேவை. பிறகு ஊசி மூலம் அந்த இடத்திலிருந்து திசு எடுத்து, சிபிநாட் போன்ற மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டும். இந்த வசதிகள் பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளில்தான் இருக்கின்றன. மருந்து அரசாங்கத்தில் இலவசம். ஊட்டச்சத்துக்கான உதவித்தொகையும் 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டிருக்கிறது. ஆனால் ‘உங்களுக்கு டி.பி.’ என்று ஒருவர் சொன்ன பிறகுதான் இதெல்லாம் கிடைக்கும். அந்த ஒரு வாக்கியத்தை வந்து சேர்வதற்குள் நோயாளி எத்தனை வலி மாத்திரை, எத்தனை பிசியோதெரபி, எத்தனை பெல்ட் கடக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் கேள்வி.

இன்னொரு சிக்கலும் உண்டு. லெவோஃப்ளாக்சசின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகள் டி.பி. கிருமியையும் ஓரளவு அடக்கும். வேறு எதற்கோ அதை எடுத்தால் அறிகுறி தற்காலிகமாகக் குறைந்து, நோய் கண்டுபிடிப்பது இன்னும் தள்ளிப்போகும். மெடிக்கல் ஷாப்பில் நாமே கேட்டு வாங்கும் பழக்கத்துக்கு இப்படியும் ஒரு விலை இருக்கிறது.

ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்: நுரையீரல் பாதிக்கப்படாத முதுகெலும்பு டி.பி. பொதுவாக அடுத்தவருக்குப் பரவாது. ஆபீஸில் உங்கள் பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு வந்திருந்தால், தள்ளி உட்கார வேண்டிய அவசியமே இல்லை.

ஐ.டி. நகரத்துக்கு 100 கி.மீ. தள்ளி

ஹைதராபாத்திலிருந்து சுமார் 100 கி.மீ. தொலைவில் இருக்கிறது நல்கொண்டா. அங்கே பல கிராமங்களில் கழுத்தைத் திருப்ப முடியாமல், நிமிர முடியாமல், வளைந்த கால்களோடு தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். காரணம், போர்வெல் தண்ணீரில் இயற்கையாகவே கலந்திருக்கும் ஃபுளோரைடு.

பற்பசையில் இருக்கும் அதே ஃபுளோரைடுதான். கொஞ்சமாக இருந்தால் பல்லுக்கு நல்லது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதைவிட அதிகமாகப் பல வருடம் குடித்தால் எலும்பில் படிகிறது. எலும்புகளை இணைக்கும் தசைநார்களும் எலும்பாகவே இறுகுகின்றன. தண்டுவடம் போகும் குழாய் உள்ளிருந்து சுருங்குகிறது. கால்கள் விறைத்து, நடை தடுமாறும்.

இந்தியாவில் இது முதலில் பதிவானது 1937இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில். தமிழ்நாட்டில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு இது புதிதல்ல. அந்த மாவட்டங்களுக்காகவே கொண்டுவரப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது.

இங்கே அறுவை சிகிச்சை நிபுணர் என்ன செய்ய முடியும்? இறுகிய எலும்பை வெட்டி, தண்டுவடத்துக்கு இடம் ஏற்படுத்தலாம். அதுவே கடினமான ஆபரேஷன். ஆனால் நோயாளி வீட்டுக்குப் போய் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறார் என்றால் என்ன பயன்? இந்த நோய்க்கு உண்மையான மருந்து குழாயில் வரும் ஆற்று நீர்தான். படிந்த ஃபுளோரைடைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மாத்திரை எதுவும் கிடையாது.

உங்கள் சொந்த ஊரில் அப்பா அம்மா இன்னும் போர்வெல் தண்ணீர் குடிக்கிறார்களா? தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களிலும், ஜல் ஜீவன் திட்டத்தின் ஆய்வகங்களிலும் பொதுமக்கள் குறைந்த கட்டணத்தில் தண்ணீரைப் பரிசோதிக்கலாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு பாட்டில் மாதிரி எடுத்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

சாப்பாட்டில் இல்லாதது, மாத்திரையில் கூடியது

உங்களையே நேரடியாகத் தொடும் காரணத்துக்கு வருவோம். வைட்டமின் பி12.

நரம்பைச் சுற்றி, கரண்ட் ஒயரின் மேலுறைபோல மயலின் என்ற உறை இருக்கிறது. அதைப் பராமரிக்க பி12 வேண்டும். மீன், இறைச்சி, முட்டை, பால், தயிர் என்று விலங்கு சார்ந்த உணவுகளில்தான் அது இயற்கையாகக் கிடைக்கும். முழு சைவர்களுக்கும் வீகன் உணவுக்கு மாறியவர்களுக்கும் குறைய வாய்ப்பு அதிகம். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின், அசிடிட்டிக்கு பான்டோபிரசோல் மாதிரியான மாத்திரைகளை வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கும் பி12 குறையலாம்.

குறைபாடு நீடித்தால் தண்டுவடத்தின் பின்பகுதி பாதிக்கப்படுகிறது. இரண்டு பாதங்களிலும் ஒரே நேரத்தில் ஊசி குத்துவது போன்ற உணர்வு, பஞ்சில் நடப்பது போன்ற உணர்வு, கண்ணை மூடி முகம் கழுவும்போது தள்ளாட்டம், இருட்டில் நடக்கத் தடுமாற்றம். இதை டிஸ்க் என்றோ ‘நரம்புத் தளர்ச்சி’ என்றோ நினைத்துவிடுவது சுலபம். சாதாரண ரத்தப் பரிசோதனை, அதன்பின் ஊசியோ மாத்திரையோ. சீக்கிரம் தொடங்கினால் நல்ல பலன் இருக்கும். ரத்தசோகைக்கு ஃபோலிக் ஆசிட் மட்டும் எடுத்துக்கொண்டால் ரத்தம் சரியானதுபோலத் தெரியும். உள்ளே நரம்புச் சேதம் தொடர்ந்துகொண்டே இருக்கும்.

இதோடு தொடர்புள்ள இன்னொரு செய்தி பிரிட்டனிலிருந்து. பார்ட்டிகளில் போதைக்காக நைட்ரஸ் ஆக்சைடு எனும் ‘சிரிப்பு வாயு’வை உறிஞ்சும் பழக்கம் அங்கே இளைஞர்களிடம் பரவியது. இந்த வாயு உடலில் இருக்கும் பி12ஐச் செயலிழக்கச் செய்யும். நன்றாக நடந்துகொண்டிருந்த இளைஞர்கள் கால் மரத்து மருத்துவமனைக்கு வந்தார்கள். 2023 நவம்பர் முதல் அதைப் போதைக்காக வைத்திருப்பதே அங்கே குற்றம்.

குறைந்தால்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். ‘நரம்புக்கு நல்லது’ என்று நாம் விழுங்கும் மாத்திரைகளில் இருக்கும் பி6, அதாவது பைரிடாக்சின், நீண்ட நாள் அளவுக்கு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். கை கால் மரத்துப்போகும். மரத்துப்போகிறதே என்று இன்னும் இரண்டு மாத்திரை கூடுதலாகப் போடுவோம், நிலைமை மோசமாகும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் பெரியவர்களுக்கான உச்ச வரம்பை நாளைக்கு 12 மில்லிகிராம் என்று குறைத்தது. மல்டிவைட்டமின், புரோட்டீன் பவுடர், எனர்ஜி டிரிங்க் என்று மூன்று நான்கு வழிகளில் பி6 உள்ளே போகலாம். லேபிளைப் படித்து மொத்தமாகக் கூட்டிப் பாருங்கள். கொரோனா காலத்தில் பிரபலமான ஜிங்க் மாத்திரையும் அப்படித்தான். அளவுக்கு மீறி நீண்ட காலம் எடுத்தால் உடலில் தாமிரம் குறைந்து, பி12 குறைபாடு போலவே தண்டுவடம் பாதிக்கப்படலாம்.

அப்பாவின் கால் தளர்ந்தால்

அரிதான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் இதைச் சரிசெய்வது நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணரின் வேலை, சரிசெய்யவும் முடியும்.

தண்டுவடத்தைப் போர்த்தியிருக்கும் உறையில், சிலருக்கு ஒரு தமனியும் சிரையும் நேரடியாக இணைந்துவிடும். டியூரல் ஃபிஸ்டுலா என்பார்கள். வடிகாலில் தண்ணீர் எதிர்த்து ஏறுவதுபோல, சிரைகளில் அழுத்தம் கூடி தண்டுவடம் வீங்குகிறது. பெரும்பாலும் 50 வயதைத் தாண்டிய ஆண்களுக்குத்தான் வரும். நடந்தால் கால் தளரும், மாதக்கணக்கில் மெல்ல மெல்ல மோசமாகும், பிறகு சிறுநீர் போவதில் சிரமம். ‘வயசாயிடுச்சு’, ‘டிஸ்க்’, ‘புராஸ்டேட்’ என்று மூன்று விளக்கங்களும் தயாராக இருப்பதால், கண்டுபிடிக்க ஒரு வருடத்துக்கு மேலாவது சகஜம். இடையில் ஸ்டீராய்டு கொடுத்தால் சிலருக்கு நிலைமை மோசமாகும் என்பதும் பதிவாகியிருக்கிறது.

இடுப்புப் பகுதியை மட்டும் ஸ்கேன் செய்தால் இது தெரியாமல் போகலாம். வீக்கம் பெரும்பாலும் அதற்கு மேலே, நெஞ்சுப் பகுதித் தண்டுவடத்தில்தான் இருக்கும். ஆஞ்சியோகிராம் மூலம் இடத்தைக் கண்டுபிடித்து, அந்த இணைப்பை அறுவை சிகிச்சையில் துண்டிக்கலாம், அல்லது ரத்தக்குழாய் வழியாகப் பசை செலுத்தி அடைக்கலாம்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

ஜி.பி.எஸ்., டி.பி., ஃபுளோரைடு, வைட்டமின், ரத்தக்குழாய் என்று ஐந்து காரணங்களும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவைதான். ஆனால் எல்லாவற்றிலும் நாள் தள்ளிப்போகப் போகச் சேதம் கூடும், முதலில் கண்டுபிடித்தால் பெரும்பகுதியைத் தடுக்கலாம். எலும்புக்கு ஒரு டாக்டர், நரம்புக்கு ஒரு டாக்டர், வலிக்கு ஒரு பிசியோ என்று நாம் பிரிந்து பிரிந்து போகும்போது, முழுக் கதையும் யார் காதிலும் விழுவதில்லை. அந்தக் கதையைக் கோத்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான்.

இந்த அறிகுறிகள் இருந்தால் அதே நாளில் மருத்துவமனைக்குப் போங்கள்:

- கால் திடீரென்றோ வேகமாகவோ பலவீனமாவது. குறிப்பாக, வயிற்றுப்போக்கு அல்லது காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு கால்களிலிருந்தும் மேல்நோக்கிப் பரவும் பலவீனம்.
- சிறுநீர் வராமல் அடைப்பது, அல்லது சிறுநீர், மலத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது.
- சைக்கிள் சீட்டில் படும் உடல்பகுதி மரத்துப்போவது.

இவை இருந்தால் ‘இன்னும் ஒரு மாதம் பார்ப்போம்’ என்று இருக்க வேண்டாம்:

- படுத்து ஓய்வெடுத்தாலும் குறையாத, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் முதுகுவலி.
- வலியோடு மாலை நேரக் காய்ச்சல், எடை குறைவு, பசியின்மை. இவை இல்லாமலும் முதுகெலும்பு டி.பி. வரலாம்.
- ஆறு வாரத்துக்கு மேல் சிகிச்சை எடுத்தும் கூடிக்கொண்டே போகும் வலி.
- வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்தது, சர்க்கரை நோய், ஸ்டீராய்டு, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து, பழைய புற்றுநோய்.

டாக்டரிடம் போகும்போது ஸ்கேன் ஃபைலை மட்டும் நீட்டாதீர்கள். எந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தீர்கள், என்ன சாப்பிடுகிறீர்கள், என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள், எடை குறைந்திருக்கிறதா, வீட்டில் யாருக்கு என்ன நோய் இருந்தது என்பதையும் சொல்லுங்கள். கடைசியாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “டாக்டர், இது டிஸ்க் இல்லைன்னா வேறு என்னவா இருக்கலாம்?”

கேட்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. சிலருக்கு, திரும்பவும் நடப்பது அந்தக் கேள்வியில் இருக்கிறது.